எக்ஸாஸ்ட் பிரேக்குக்குக் கட்டிய காப்பு

மலையில் என் வண்டியை நிறுத்தியது முனியப்பன் இல்லை. என் மச்சான்.

இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவன் போட்ட டீயைக் குடித்துக்கொண்டேதான் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். அவன் என் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதனால் அவள் கொஞ்ச நாள் சோற்றுத் தட்டை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, வண்டி ஓட்டித்தான் பழக்கம். எழுத்தில் கோணல் இருந்தால் இருக்கட்டும். விஷயத்தில் கோணல் கிடையாது.

என்னிடம் இருப்பது ஒரு டீசல் பிக்கப். வேறொருவர் ஓட்டித் தேய்த்து விற்றதை வாங்கினேன். கச்சிராயபாளையத்தில் வீடு. கல்வராயன் மலைக்கு மேலே போகும்போது உர மூட்டை, சிமெண்டு, மளிகை ஏற்றுவேன். கீழே வரும்போது குச்சிக்கிழங்கு. வெளியூரில் மரவள்ளி என்பார்கள். தோண்டின கிழங்கு ரொம்ப நேரம் காத்திருக்காது, கறுத்துப்போகும். ஜவ்வரிசி ஆலையில் கறுத்த கிழங்கைக் காலால் தள்ளிவிடுவார்கள். அதனால் மலைக்காரர்கள் எந்த வண்டியில் கிழங்கை ஏற்றுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். வழியில் நிற்கிற வண்டி என்று பெயர் வந்துவிட்டால் அந்த வண்டிக்குக் கிழங்கு கிடையாது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது கிழங்கால்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மலை ஏறும்போது எந்த வண்டியும் முக்கிக்கொண்டு ஏறிவிடும். கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குவதுதான் பாடு. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சக்கரத்துக்குள்ளே பிரேக் பிடிக்கிற இரும்பு டிரம் சூடேறிக் காயும். காய்ந்தால் நாறும். அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினவனுக்குச் சோற்றிலும் அதே வாசனைதான் அடிக்கும். பாதி மலையில் ஒரு பெரிய வளைவு. அங்கே முனியப்பன் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் என் மச்சானின் டீக்கடை. இறங்குகிற வண்டி எல்லாம் அங்கே வரும்போது சக்கரத்தில் புகை விட்டுக்கொண்டுதான் வரும். எல்லா வண்டியும் நிற்கும். டிரைவர் இறங்கிக் கும்பிடுவான், டீ குடிப்பான், பீடி பிடிப்பான். அதற்குள் டிரம் ஆறிவிடும். இதற்கு ‘முனியப்பனுக்கு நிற்கிறது’ என்று பெயர்.

பூசாரி விசேஷ நாளில்தான் வருவார். மற்ற நாளில் கற்பூரம் கொளுத்துவது, விபூதி கொடுப்பது எல்லாம் என் மச்சான்தான். அவனை யாரும் நியமிக்கவில்லை. டீ ஆற்றுகிற கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து விபூதி கொடுப்பான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புகைகிற சக்கரத்துக்குத் தீர்த்தம் தெளிப்பான். சுர்ரென்று ஆவி கிளம்பும்.

“பாத்தியா, முனியப்பன் கோவம் எப்டி அடங்குது பாத்தியா!” என்பான். வண்டியில் வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

காய்ந்த இரும்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று தோசைக்கல் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படித் தெளித்துத்தான் என் வண்டி டிரம் ஒன்று வெடிப்பு விட்டது. கேட்டதற்கு, “சாமி காவு வாங்கிக்கிச்சு மாப்ள. டிரம்மோட போச்சேன்னு சந்தோசப்படு” என்றான். அவனோடு எனக்கு இருக்கிற கணக்கு இன்றைக்கு நேற்று ஆரம்பித்தது இல்லை.

ஒரு மழைக்காலத்தில் கிழங்கோடு இறங்கிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குக் கொஞ்சம் மேலேயே பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்விட்டது. மிதிக்கிறேன், வண்டி என்னைக் கண்டுகொள்ளவில்லை. கியரைக் கீழே தள்ளி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் சாய்த்து உரசி நிறுத்தினேன். இடது பக்கக் கண்ணாடியும் கதவின் பெயிண்டும் மலைக்குக் காணிக்கையாகப் போயின. பின்னால் வந்த பஸ் டிரைவர் நின்று என்னைப் பார்த்தார். அவர் பஸ்ஸில் அவ்வளவு சனம் இருந்தது. ஆனால் சக்கரத்தில் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.

“எப்படிங்க உங்களுக்கு மட்டும் காயறதில்ல?” என்று கேட்டேன்.

“நான் எங்க பிரேக் போட்டேன்? எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுக்கினு வரேன். கால் சும்மா தொங்கிக்கினு இருக்கு” என்றார்.

என்னவென்று அவரே விளக்கினார். இன்ஜினிலிருந்து புகை வெளியே போகிற குழாயில் ஒரு மூடி இருக்கும். அதை மூடினால் புகை அடைபடும். இன்ஜினுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டின இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், வண்டி தானே அடங்கும். டிரம்மைத் தொடுகிற வேலையே இல்லை. கியர் விழுந்திருக்க வேண்டும், கிளட்சை மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரில் கால் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்த நாளே கள்ளக்குறிச்சிக்குப் போனேன். சேலம் ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லாதவன். முடிகிறதா என்பது வேறு விஷயம்.

“பிக்கப்புக்கு எக்ஸாஸ்ட் பிரேக்கா? மாட்டலாம்ணா. இன்னா பெரிய வித்தை” என்றான்.

உடைத்துப் போட்ட லாரி ஒன்றிலிருந்து மூடிவால்வு ஒன்றைக் கொண்டுவந்தான். அது என் வண்டிக் குழாயைவிடப் பெரிசு. லேத்துப் பட்டறையில் கொடுத்து வளையம் கடைந்து இரண்டையும் சேர்த்தான். லாரியில் அது காற்றில் வேலை செய்யும். என் வண்டியில் காற்று டேங்க் கிடையாது. அதற்குப் பழைய டிராக்டரில் இன்ஜினை நிறுத்துகிற இழுகம்பியைக் கழற்றி மாட்டினான். டாஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே ஓட்டை போட்டு ஒரு கறுப்புக் குமிழை வைத்தான். குமிழை வெளியே இழுத்தால் மூடி மூடும். உள்ளே தள்ளினால் திறக்கும். சின்னப்பிள்ளைக்கும் புரியும்.

முதல் சோதனைக்கு அவனே ஓட்டினான். பஸ் ஸ்டாண்டு முனையில், நாலு பக்கமும் வண்டி வருகிற இடத்தில், குமிழை இழுத்தான். இன்ஜின் செத்துவிட்டது. எங்கள் பின்னால் கள்ளக்குறிச்சி முழுக்க ஹாரன் அடித்தது.

“யோவ், நின்னுடுச்சேய்யா!”

“பிரேக்குன்னா நிக்கணும்தானே? வேலை செய்யுதுன்னு அர்த்தம்ணா.”

மூடி இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்துக்கொண்டது. அதனால் இன்ஜின் மூச்சு முட்டியது மட்டும் இல்லை, மூச்சே விட்டுவிட்டது. திரும்பக் கழற்றி மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டான். அந்த ஓட்டையை முதலிலேயே போட வேண்டும் என்று தெரியும் என்றும், இருந்தாலும் சோதிப்பதற்காகப் போடவில்லை என்றும் சொன்னான். கையில் ஸ்பேனர் வைத்திருக்கிறவனோடு தகராறு செய்வதில்லை.

அதன் பிறகு முதல் தடவை கிழங்கோடு இறங்கினதைச் சொல்ல வேண்டும். மேலே கிளம்பும்போதே கியரைக் குறைத்துக்கொண்டு, காலை எடுத்து, குமிழை இழுத்தேன். சைலன்சர் அடித்தொண்டையில் ம்ம்ம் என்று உறுமியது. யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி அடங்கிற்று. வளைவு வந்தது, போனது. அடுத்த வளைவு வந்தது, போனது. பெடலை வளைவில் மட்டும் லேசாகத் தொட்டேன். மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். மண் வாசனையும் இலை வாசனையும்தான் வந்தன. இத்தனை காலம் ஓட்டியும் அந்த மலைக்கு ஒரு வாசனை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோயில் வளைவில் ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். சாமிக்குக் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏறும்போது நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போவேன். இறங்கும்போது நின்றது டிரம் ஆறுவதற்கு. ஆற வேண்டாத டிரம்மை எதற்கு ஆற வைக்க வேண்டும்?

கண்ணாடியில் பார்த்தேன். என் மச்சான் கையில் டீ கிளாசோடு ரோட்டு நடுவில் நின்று என் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

அடுத்த தடவை ஏறும்போது பிடித்துக்கொண்டான்.

“இன்னா மாப்ள, முனியப்பன் கண்ணுக்குத் தெரியலயா? நிக்காம போற?”

“டிரம் காயல மச்சான்.”

“டிரம் காயலன்னா சாமி இல்லன்னு ஆயிடுமா?”

“டிரம் காஞ்சாத்தான் சாமின்னு யாரு சொன்னது?”

பெஞ்சில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிவிட்டது. அதோடு இல்லை, அந்த டிரைவர்களில் ஒருவர் என் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, “எங்க மாட்டின?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் மச்சானைப் பயமுறுத்தியிருக்கும். எல்லாரும் மாட்டிக்கொண்டால் இறங்குகிற வண்டி ஒன்றும் நிற்காது. நிற்காத வண்டிக்கு டீ விற்க முடியாது. இதை அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், தினமும் நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருப்பேன். என் பெண்டாட்டியின் அண்ணன்தானே. அவன் சொல்லவில்லை. சாமியை முன்னால் நிறுத்தினான்.

தங்கைக்குச் சொல்லியனுப்பினான். வண்டிக்குப் புதுச் சாமான் மாட்டி பூஜை போடாமல் ஓட்டுகிறார், வீட்டுக்கு ஆகாது என்று. அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“டயர் மாத்தினா எலுமிச்சம்பழம் வெக்கறீங்க, இதுக்கு மட்டும் இன்னாங்க கேடு? எங்க அண்ணன் கையால ஒரு காப்பு கட்டச் சொல்லுங்க. கட்டினா கொறஞ்சா பூடுவீங்க?”

கட்டட்டும் என்றேன். மறு சந்தை நாளன்று உர மூட்டைகளோடு ஏறினேன். எனக்குப் பக்கத்தில் மலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, மடியில் வெற்றிலைப்பை, கலகலவென்று சிரிக்கிறவர். எனக்கு ரொம்ப காலமாகக் கிழங்கு கொடுப்பவர். அவர் ஏற்றுகிற வண்டியில்தான் அவர் ஊர்க்காரர்களும் ஏற்றுவார்கள்.

கோயிலில் நிறுத்தினேன். மச்சான் ரொம்பப் பாசமாக வந்தான். நெற்றி நிறையப் பட்டை. தட்டில் குங்குமம், சந்தனம், கனகாம்பரம், மஞ்சள் நூலில் கோத்த மஞ்சள் கிழங்கு.

“எங்க மாப்ள அந்த பிரேக்கு?”

அவனுக்குத் தெரியட்டும் என்று குமிழை வெளியே இழுத்துக் காட்டினேன். இழுத்தால் குமிழுக்குப் பின்னால் கம்பி நீட்டிக்கொண்டு தெரியும். அவன் அந்தக் கம்பிக்கே குங்குமம் வைத்தான். அந்தக் கம்பியிலேயே மஞ்சள் நூலை இறுக்கிச் சுற்றி, கிழங்கை வைத்துக் கட்டினான். அதன் மேல் பூவைச் சுற்றினான். கம்பியும் தெரியவில்லை, கிழங்கும் தெரியவில்லை. கல்யாணப்பெண் கழுத்து மாதிரி இருந்தது.

“இனிமே இது சாமி பிரேக்கு” என்றான்.

மலைக்காரரும் கும்பிட்டார். நான் குமிழை உள்ளே தள்ளினேன். கொஞ்சம் மெத்தென்று போய் நின்றது. பூ அமுங்குகிறது என்று நினைத்தேன். வண்டியைக் கிளப்பினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். கம்பிக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் மஞ்சள் கிழங்கு. குமிழ் உள்ளே முழுசாகப் போகவில்லை. மூடி முழுசாகத் திறக்கவில்லை. ஏறுகிற வண்டிக்கு பிரேக் போட்டபடியே இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இது தெரியவில்லை. கோயில் வளைவைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் கறுப்புப் புகைதான் வந்தது. இரண்டாவது கியர், முதல் கியர், அப்புறம் கியரே இல்லை. கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நின்றேவிட்டது. உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

மச்சான் நடந்தே வந்துவிட்டான். அவன் ஓடிவந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான்.

“நான் ஒண்ணும் சொல்லல மாப்ள” என்றான். பிறகு எல்லாம் சொன்னான். மலைக்காரரைப் பார்த்துச் சொன்னான். “இறங்கும்போது நிக்க மாட்டேன்னாரு. சாமி ஏறும்போது நிறுத்திக்கிச்சு. கணக்கு சரியாப் போச்சு.”

மலைக்காரர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பாதி மூட்டையை வேறு வண்டிக்கு மாற்றி, மீதியோடு முக்கி முனகிக்கொண்டு நான் மலை மேல் சந்தை கூடுகிற வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மா கேட்டார்: “சாமி புடிச்சி நிறுத்தினது இந்த வண்டியையா?” அன்றைக்குக் கிழங்கு ஏறவில்லை. காலி வண்டியோடு இறங்கினேன். அடுத்த சந்தைக்கும் காலி.

வண்டியைக் கள்ளக்குறிச்சி மெக்கானிக்கிடம் விட்டேன். அவன் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தவிர எல்லாவற்றையும் கழற்றினான். அதை அவன் மாட்டினான், அதனால் அதில் தப்பு இருக்காதாம். டீசல் பில்டரைக் கழற்றினான், பம்பைத் திட்டினான், நான் டீசல் போட்ட பெட்ரோல் பங்க்கைத் திட்டினான். அன்றைக்கு என் பெண்டாட்டியும் ஜவுளி எடுக்க என்னோடு வந்திருந்தாள். நேரம் ஆக ஆக அவளுக்குச் சலிப்பு. வண்டிக்குள் உட்கார்ந்து அதையும் இதையும் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தலையை உள்ளே விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

காய்ந்த பூ சாமி சாமானில் இருக்கக் கூடாது என்பது அவள் பழக்கம். குமிழில் வாடித் தொங்கின கனகாம்பரத்தைப் பிய்த்தாள். நூலும் சேர்ந்து வந்தது. கிழங்கும் வந்தது. அவள் கை பட்டுக் குமிழ் டக்கென்று உள்ளே போயிற்று. அதுவரை முனகிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரே மூச்சில் தெளிந்து பாடியது.

மெக்கானிக் தலையை வெளியே எடுத்து ஸ்பேனரைத் தூக்கிக் காட்டினான். “பாத்தியாணா! புடிச்சிட்டேன்!”

என் பெண்டாட்டி உள்ளங்கையில் மஞ்சள் கிழங்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் குமிழை இழுத்தேன், அவள் கையிலிருந்த கிழங்கை வாங்கிக் கம்பியில் வைத்தேன், தள்ளினேன். இன்ஜின் முனகியது. கிழங்கை எடுத்தேன். பாடியது. இன்னொரு தடவை செய்தேன். மெக்கானிக்கின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“இது எங்க அண்ணன் கட்டினது” என்றாள் அவள்.

“ஆமா.”

“வெளிய சொல்லாதீங்க.”

நான் நேராக மலைக்குப் போனேன். டீக்கடையில் டிரைவர்கள் இருந்தார்கள். மஞ்சள் கிழங்கை பெஞ்சின் மேல் வைத்தேன். நடந்ததை விளக்கமாகச் சொன்னேன். குமிழை இழுத்தும் தள்ளியும் காட்டினேன். மச்சான் பொறுமையாகக் கேட்டான். ஒரு வாய் டீயைக் குடித்தான். பிறகு சொன்னான்.

“ஏன் மாப்ள, எவ்ளோ பாரம் இழுக்கற வண்டி இது?”

“அதுக்கென்ன?”

“அவ்ளோ பாரம் இழுக்கற வண்டிய இத்துணூண்டு மஞ்சக்கெழங்கு நிறுத்திடுச்சுன்ற. அது சாமி இல்லாம வேற இன்னா?”

டிரைவர்கள் ஆமாம் என்றார்கள்! ஒருவர் அந்தக் கிழங்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோயில் மாடத்தில் வைத்துவிட்டார். என் சாட்சியும் போயிற்று. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறேன். ஒரு மஞ்சள் கிழங்கிடம் தோற்றது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காக ஓடியது. ஏற்றம் இழுத்தது, இறக்கம் அடங்கியது. கிழங்கு மட்டும் வரவில்லை. அந்த மலைக்காரரிடம் போய்க் கேட்டேன். “எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல தம்பி. ஊருல பயப்படறாங்க. வழியில நின்னா கெழங்கு கறுத்துப்பூடுமே” என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

இந்த நிலையில்தான் என் மச்சானுக்குப் பலாப்பழம் தேவைப்பட்டது. அவன் மகளைச் சங்கராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறான். சம்பந்தி வீட்டில் விசேஷம். மலைப் பலா கொண்டுவருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டான். அவன் வழக்கமாகப் போகிற வண்டியில் முந்தின நாளே வெள்ளிமலை போய்ப் பழம் எல்லாம் வாங்கிச் சேர்த்துவிட்டான். அந்த வண்டி விசேஷத்தன்று காலையில் ஒரு நடை கிழங்கோடு இறங்கும்போது பிரேக் லைனர் கருகி, அவன் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. தீர்த்தம் தெளித்தும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டில் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. பழம் வெள்ளிமலையில் கிடக்கிறது. அங்கே காலியாக நின்ற வண்டி என்னுடையது ஒன்றுதான். என் வண்டி காலியாக இருந்ததற்குக் காரணமும் அவன்தான்.

பஸ் பிடித்து மேலே வந்தான். “மாப்ள…” என்று இழுத்தான்.

“சாமி புடிச்ச வண்டி மச்சான். யோசிச்சிக்க.”

“சொந்தக்காரன் இப்டிப் பேசலாமா? உன் மச்சினன் மானம் போவுது.”

ஏற்றச் சொன்னேன். மலைக்காரரும் கீழே வர வேண்டும் என்று நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் ஓரத்தில் மச்சான். இந்த மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதி மலையில் கடை வைத்திருக்கிறவன், ஆனால் மலை இறங்கும்போது அவனைப் போல் பயப்படுகிறவன் கிடையாது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இவனும் காலைத் தரையில் மிதிப்பான். வளைவுக்கு ஒரு முனியப்பா. பஸ்ஸில் போனால் பக்கத்தில் இருக்கிறவர் சட்டை கசங்கிவிடும்.

குமிழை இழுத்தேன். ம்ம்ம் என்று வண்டி உறுமி அடங்கியது.

“முனியப்பா!”

“இன்னும் வளைவே வரல மச்சான்.”

முதல் வளைவில் கத்தினான். அடுத்ததில் காலை மிதித்தான். அதற்கடுத்ததில் மிதிக்கவில்லை. என்னைப் பார்த்தான். என் கால் சும்மா இருந்ததைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். நாற்றம் இல்லை. பின்னால் பலாப்பழ வாசனைதான். கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வண்டி ஒரே சீராக, தூளி ஆடுகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

மலைக்காரர் என் தொடையைக் கிள்ளினார். திரும்பினேன்.

என் மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான். தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் பிளந்திருந்தது. குறட்டை எக்ஸாஸ்ட் பிரேக்கோடு சுருதி சேர்ந்து வந்தது. வண்டி வளைவில் திரும்பும்போது தலை இந்தப் பக்கம் வரும், நேரானதும் அந்தப் பக்கம் போகும். கோயில் வளைவு வந்தது. அவன் டீக்கடை வந்தது. கடையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஹாரன் அடித்துக் கும்பிட்டேன். மலைக்காரரும் கும்பிட்டார். முனியப்பனுக்கு எல்லாரையும் நிற்க வைக்கிற ஆள், முனியப்பன் எதிரிலேயே எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டு போனான். நான் நிறுத்தவில்லை. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது.

கோமுகி அணை தாண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினபோதுதான் விழித்தான்.

“கோயில் வந்துச்சா?”

“போயாச்சு.”

“எப்போ?”

மலைக்காரர் அடக்க முடியாமல் சிரித்தார். வெற்றிலைச் சாறு என் டாஷ்போர்டெல்லாம் தெறித்தது. நான் துடைக்கச் சொல்லவில்லை. மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நான் எங்க தூங்கினேன்? கண்ண மூடி சாமி கும்பிட்டுக்கினு வந்தேன்.”

“குறட்ட வுட்டுக்கினா கும்பிடுவாங்க?” என்றார் மலைக்காரர்.

“அது மந்திரம்.”

பலாப்பழம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி வீட்டில் அவன் மானம் நின்றது. எனக்கும் இலை போட்டார்கள், சாப்பிட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் கடைக்குப் போய், சாமியை வேண்டிக்கொண்டே வந்ததால்தான் அந்த வண்டி பத்திரமாக இறங்கியது என்று சொல்லியிருக்கிறான். இப்போது என் வண்டி கீழே போவதற்கும் அவன் வேண்டுதல் தேவையாகிவிட்டது.

மலைக்காரர் மட்டும் மறுபடி எனக்குக் கிழங்கு கொடுக்கிறார். அவர் ஊர்க்காரர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். “நீங்க பாத்தத சொல்லுங்க” என்று கேட்டேன்.

“சொன்னேன் தம்பி. ‘நீ அவுரு வண்டியில ஓசியில வந்துட்டு பேசற’ன்னு என்னையே சொல்றாங்க. கோயில்கிட்ட இருக்கறவன் வாயால வந்தாத்தான் ஏத்துவாங்க. அவனையே சொல்லச் சொல்லு” என்றார்.

அதனால் மச்சான், இனி உனக்கே நேராக எழுதுகிறேன். நீ வேண்டுமென்றே கட்டினாய் என்று நான் சொல்லவில்லை. பாசமாகத்தான் கட்டினாய். பாசமாகக் கட்டினது வண்டியை நிறுத்திவிட்டது என்று சொல்ல உனக்கு என்ன வலி? முனியப்பனோடு எனக்குச் சண்டை இல்லை. உன் டீயோடும் சண்டை இல்லை. ஏறும்போது நிற்கிறேன், இறங்கும்போதும் வேண்டுமானால் நிற்கிறேன். டீ மட்டமாக இருந்தாலும் குடிக்கிறேன். மஞ்சளைப் பற்றிக்கூட நீ வாய் திறக்க வேண்டாம். அதையும் உன் தங்கைக்காக விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். வருகிற சந்தை நாளன்று வெள்ளிமலைக்கு வா. கிழங்கு எடை போடுகிற இடத்தில் மலைக்காரர்கள் எல்லாரும் கூடியிருப்பார்கள். நானும் இருப்பேன், உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வளைவுக்கு வளைவு கத்துகிற நீ, உன் கோயிலையும் உன் கடையையும் தாண்டி, என் வண்டியில் தூங்கிக்கொண்டு வந்தாயா, இல்லையா? கடைசி வரிசையில் நிற்கிறவர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்.